தொட்டுக்க

இந்த சீட்டுக்கு யாராவது வர்றாங்களா சார்? இல்லையா? அப்ப உக்காந்துக்கறேன். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுங்கினா நல்லா இருக்கும். இன்னும் கொஞ்சம். தப்பா நினைக்காதீங்க சார், மூணு மாசத்துக்கு முன்னாடி நான் இவ்வளவு இடம் கேட்டிருக்க மாட்டேன். மணப்பாறையில இறங்கிடுவேன். அது வரைக்கும்தான் உங்களுக்குச் சிரமம்.

வேண்டாம் சார். நீட்டினீங்களே, அதுவே போதும். நான் டயட்ல இருக்கேன். மூணு மாசமா, ரொம்பக் கண்டிப்பா.

சாத்தூர்ச் சேவா? நினைச்சேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே பூண்டு வாசனை வந்துச்சு. முன்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் இருந்துச்சு சார், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கால் என்னமோ இங்க வந்து நின்னுடுச்சு. சரி, நீட்டின கையை இவ்வளவு நேரம் அப்படியே வெச்சிருக்கீங்க, உங்களை அப்படி விடறது மரியாதை இல்ல. ஒண்ணே ஒண்ணு. இது சாப்பிடறது இல்ல, சும்மா தொட்டுக்கறது.

பொண்ணு பாக்கப் போறேன் சார். ரெண்டாவது தடவை. அதே பொண்ணுதான்.

தனியாவான்னு பாக்கறீங்க. அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லாரும் மாமாவோட கார்ல முன்னாடியே போயிட்டாங்க. கார்ல எனக்கு இடம் இல்ல. போன தடவை இருந்துச்சு. அதே கார், அதே ஆளுங்க.

அதான் சார் விஷயமே. இன்னைக்கு அந்தப் பொண்ணு சரின்னு சொல்லணும், இல்ல வேண்டாம்னு சொல்லணும். காலையிலேர்ந்து பயத்துல ஒரு இட்லி கூட இறங்கல. கார்ல போற வழியில என் ரூமுக்கு வந்து அம்மா தட்டுல வெச்சது அப்படியே கிடந்துச்சு. பக்கத்துல தொட்டுக்க வெச்ச வடையை மட்டும்தான் எடுத்தேன்.

என் பேரு பாண்டிச்செல்வம். நத்தம் பக்கம் ஊரு. அப்பா மாந்தோப்புல காவல் இருக்கார், அம்மா கூலிக்குப் போறவங்க. எங்க வம்சத்துலயே முதல் டிகிரி நான்தான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இப்ப திண்டுக்கல்லுல ஒரு நூல் மில்லுல, லேப்ல இருக்கேன். வர்ற பஞ்சையும் போற நூலையும் சோதிச்சுச் சொல்றது என் வேலை. முதல் டிகிரின்னா உங்களுக்கே தெரியும் சார், எங்கயாவது தப்பு பண்ணிடுவோமோன்னு ஒரு பயம் உள்ள உக்காந்துகிட்டே இருக்கும். ஏ.டி.எம்.ல கூட எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் பட்டனைத் தொடுவேன். யாராவது கேள்வி கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

பொண்ணு பேரு ஜெயப்பிரியா. எம்.காம். படிச்சுட்டு அவங்க அப்பாவோட தொழிலைப் பாத்துக்கறாங்க. மணப்பாறையில என்ன தொழில்னு கேக்க வேண்டியதில்ல. முறுக்குதான். வீட்டுக்குப் பின்னாடியே அடுப்பு, பத்துப் பதினஞ்சு பேரு வேலை செய்யறாங்க. போன தடவை நாங்க கார்ல இருந்து இறங்கும்போதே எண்ணெயும் ஓமமுமா ஒரு வாசனை. நான் அங்கயே நின்னு ரெண்டு தடவை மூச்சை இழுத்துகிட்டேன். பயத்துலதான்.

எங்கம்மா என்ன பண்ணியிருந்தாங்கன்னா, தரகர்கிட்ட என்னோட காலேஜ் போட்டோவைக் குடுத்திருந்தாங்க. கடைசி வருஷம் எடுத்தது. அதுல நான் ஒரு தூணுல சாஞ்சுகிட்டு நிக்கறேன். அப்ப தூணு என்னை விட அகலம். அப்புறம் மில்லு வேலை, உக்காந்தபடியே இருக்கறது, கேன்டீன் பரோட்டா, சனிக்கிழமை சங்கதி. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன். போட்டோல இருக்கறதும் நான்தான் சார். பொய் இல்ல. ஆனா கூடத்துல போய் உக்காந்ததும் பொண்ணோட அத்தை என்னைப் பாத்தாங்க, போட்டோவைப் பாத்தாங்க, திரும்ப வாசலைப் பாத்தாங்க. இன்னும் ஒருத்தர் வர்றார்னு நினைச்சுட்டாங்க.

பொண்ணோட அப்பா நல்ல மனுஷன். ரொம்ப மெதுவாத்தான் கேட்டார். "தம்பிக்கு, தண்ணியெல்லாம் எப்படி?"

சார், திண்டுக்கல்லுல இருக்கற ஒருத்தன்கிட்ட தண்ணியைப் பத்திக் கேட்டா அவனுக்கு எது ஞாபகம் வரும்? நான் சொன்னேன்: "கஷ்டம்தாங்க. தினமும் கிடைக்காது. ஆனா வாரத்துல ஒரு நாள் எப்படியும் வந்துடும். அன்னைக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து முடிஞ்ச மட்டும் பிடிச்சுடுவோம்."

பொண்ணோட அப்பா எங்கப்பாவைப் பாத்துட்டு என் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்ச மட்டும்னா?"

"குடம், வாளி, அண்டா, எது இருக்கோ அதுலங்க. பத்தலைன்னா பக்கத்து வீட்டுல கடன் வாங்கிக்குவோம். ஹவுஸ் ஓனர் அம்மாவும் எங்களோடதான் நிப்பாங்க."

எங்கம்மா என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உறைச்சுது. உடனே சரி பண்ணிட்டேன். "நீங்க அந்தத் தண்ணியைக் கேட்டீங்களா? மன்னிக்கணும்ங்க. அதுவும் வாரத்துல ஒரு நாள்தாங்க. சனிக்கிழமை."

கிள்ளின இடத்துலயே எங்கம்மா திரும்பக் கிள்ளினாங்க.

"அது ஒரு சோஷியலாத்தாங்க," ன்னேன்.

"சோஷியலான்னா என்ன தம்பி?"

"தனியா இருந்து குடிக்கறது இல்லைங்க. கூட ஆளுங்க இருக்கணும்."

அவர் தலையை ஆட்டிக்கிட்டார். என்ன அர்த்தத்துல ஆட்டினார்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அதுக்குள்ள எல்லாருக்கும் தட்டுல முறுக்கு வந்துடுச்சு. எனக்குப் பதட்டம் வந்தா கை சும்மா இருக்காது சார். பேச்சு எங்கெங்கயோ போய்கிட்டு இருந்துச்சு, நான் தட்டுல இருந்து சும்மா தொட்டுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா என் தட்டு காலி. மாமா தட்டும் காலி. மாமாவுக்கு அன்னைக்குப் பல்வலி, அவர் தொடவே இல்ல. கதவு இடுக்குல ஜெயப்பிரியா நின்னு அந்தத் தட்டையே பாத்துகிட்டு இருந்தாங்க. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

தனியாப் பேசச் சொல்லி எங்களைப் பின்னாடி அனுப்பினாங்க. அடுப்புப் பக்கம். அவங்கதான் ஆரம்பிச்சாங்க.

"போட்டோல இருக்கறவர் வரலையா?"

சார், ஒருத்தி நம்மளை நேருக்கு நேரா அப்படிக் கேட்டா என்ன சொல்வீங்க? நான் தப்பை ஒத்துக்கறவன். "ஒரு மூணு மாசம் டைம் குடுங்க. அவரையே கூட்டிட்டு வந்துடறேன்," ன்னு சொன்னேன்.

அவங்க சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாங்க. அடுப்புப் புகை அப்படி. தோளெல்லாம் குலுங்குச்சு, பாவம். அப்புறம் சொன்னாங்க: "சரி, பாக்கலாம். ஆனா அவர் வந்துட்டா நீங்க எங்க போவீங்க?"

இந்தக் கேள்வியைத்தான் சார் மூணு மாசமா யோசிக்கறேன்.

இன்னொண்ணு கேளுங்க. தரகர் அப்புறம்தான் சொன்னார், எனக்கு முன்னாடி ரெண்டு மாப்பிள்ளைங்க வந்து போயிருக்காங்களாம். ரெண்டு பேருமே எண்ணெய்ப் பலகாரம் தொட மாட்டாங்களாம். முறுக்குத் தட்டை அப்படியே தள்ளி வெச்சுட்டாங்களாம். அவங்க ரெண்டு பேரையுமே ஜெயப்பிரியா வேண்டாம்னுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க சார். அவ்வளவு கட்டுப்பாடான பசங்களையே வேண்டாம்னு சொன்னவங்க, ரெண்டு தட்டைக் காலி பண்ணினவனை எப்படி ஒத்துக்குவாங்க? அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், உடம்பைக் குறைக்கறதுன்னு.

கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க சார் பொட்டலத்தை. போதும். உங்களுக்குக் கை வலிக்கும், என் மடியில வேணா வெச்சுக்கறேன். இடம்தான் இருக்கே.

இப்ப சனிக்கிழமைக்கு வரேன். நாகல் நகர்ல ஒரு மாடி ரூம்ல நாங்க மூணு பேரு. அருள்தாஸ் அண்ணன், மில்லுல ஷிப்ட் சூப்பர்வைசர், எங்களுக்கெல்லாம் மூத்தவர். முத்தழகு, பஞ்சு குடோன்ல இருக்கான், என் வயசுதான். சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில பாய் விரிச்சு, நடுவுல பேப்பர் விரிச்சு, அதுல தொட்டுக்க எல்லாம் பரப்பி வெச்சு உக்காருவோம். சேவு, வறுத்த கடலை, மிளகு தூவின அவிச்ச முட்டை, ஈரல் வறுவல், சீசன்ல மாங்காய்க் கீத்து. நான் எப்பவும் ஒரு பீரு. அதுவே எனக்கு ஜாஸ்தி.

டயட்னு முடிவு பண்ணினதும் முதல்ல பீரை நிறுத்தினேன். பீருன்னா தொப்பைன்னு எல்லாருக்கும் தெரியும். பிராந்திக்கு மாறினேன். அதுல மாவுச்சத்து கிடையாது சார், தேடிப் படிச்சுப் பாத்தேன். ஆனா பிராந்தி எரியுது. எரியும்போது எதையாவது தொட்டுக்க வேண்டியிருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு மில்லுல பேல், அதான் பஞ்சு மூட்டை, எடை போடற தராசுல ஏறி நின்னேன். பஞ்சு பேலைத் தூக்கிப் போடுவாங்களே, அந்த இரும்புத் தட்டு. எடை கூடியிருக்கு. முத்தழகுதான் முள்ளைப் பாத்துச் சொன்னான். "டேய், பேலுக்குப் போடற மாதிரி உனக்கும் ஒரு பட்டை கட்டி லாரியில ஏத்திடலாம்டா," ன்னான்.

சரி, பிராந்தியும் வேண்டாம். மொத்தமா விட்டுட்டேன். ஒரு சொட்டுக் கிடையாது. ஆனா சனிக்கிழமை போய் உக்காருவேன். சோஷியல்னு ஒண்ணு இருக்கில்ல சார், அதை விட முடியுமா? அதுலதான் ஒரு சின்ன சங்கடம். முன்னாடி ஒரு கையில கிளாஸ் இருக்கும், ஒரு கை பேப்பருக்குப் போகும். இப்ப ரெண்டு கையும் சும்மா இருக்கு. ரெண்டு கையையும் வெச்சுகிட்டு ஒருத்தன் என்ன பண்ணுவான்?

திரும்பத் தராசுல ஏறினேன். இன்னும் கூடியிருக்கு.

நீங்க நம்ப மாட்டீங்க, எனக்கு ராத்திரித் தூக்கம் போயிடுச்சு. சாப்பாட்டைக் குறைச்சாச்சு. குடியை விட்டாச்சு. அப்புறம் எங்கேர்ந்து ஏறுது? அப்பத்தான் ஒரு நாள் லேப்ல பஞ்சை அடுப்புல காய வெச்சு எடை போட்டுகிட்டு இருக்கும்போது எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

பஞ்சு காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும் சார். சும்மா வெச்சாலே குடிக்கும். நூறு கிலோ காஞ்ச பஞ்சைக் கொண்டுபோய் ஈரக்காத்துல வெச்சா எட்டரை கிலோ கூடிடும். யாரும் அதுக்கு ஊத்தறது இல்ல. அதுவா இழுத்துக்கும். நான் தினமும் பாக்கறது. அப்ப யோசிங்க, ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்து குடிக்கறாங்க, சாராய ஆவி காத்துல போகுது, நான் டயட்ல காஞ்சு போயி பஞ்சு மாதிரி உக்காந்திருக்கேன். என் உடம்பு என்ன பண்ணும்? இழுக்கும். பக்கத்துல இருக்கறவன் சிகரெட் பிடிச்சா நமக்கும் கெடுதல்னு சொல்றாங்கல்ல? அதே கணக்கு. நான் குடிக்கல சார். என் உடம்பு குடிக்குது.

சிரிக்காதீங்க சார். டிகிரி படிச்சதுல இந்த ஒரு விஷயம்தான் எனக்கு வாழ்க்கையில உதவியிருக்கு.

அடுத்த சனிக்கிழமை காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, காத்து வர்ற பக்கமா உக்காந்தேன். ஆவி என்னைத் தாண்டிப் போயிடணும். மூக்குல கர்சீப் கட்டிக்கிட்டேன். வாய்க்கு மட்டும் வழி விட்டுகிட்டேன். முத்தழகு ரொம்ப நேரம் என்னையே பாத்தான்.

"ஏண்டா, காத்து அந்தப் பக்கம் போனா முட்டை மட்டும் எப்படிடா இந்தப் பக்கம் வருது?"

அவனுக்கு அறிவியல் தெரியாது சார், பத்தாவதோட நின்னுட்டான். எடுத்துச் சொன்னேன், பஞ்சு, ஈரம், எட்டரை. கேட்டுட்டு அருள்தாஸ் அண்ணன்கிட்ட திரும்பி, "அண்ணே, இவனைக் கொஞ்ச நாள் வெயில்ல காயப் போடலாமா?" ன்னு கேட்டான்.

அருள்தாஸ் அண்ணன் பேப்பரைத் தடவிப் பாத்துகிட்டு இருந்தார். கடலைத் தோலு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. அவர் ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால கிழிச்சு, அதை நக்கிக்கிட்டே குடிச்சார். குடி ஒரு மனுஷனை எங்க கொண்டுபோய் விடுது பாருங்க. அவ்வளவு கௌரவமான ஆளு சார், அவருக்குக் கீழே முப்பது பேரு வேலை பாக்கறாங்க. வெறும் ஊறுகாய். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பசி வேற அவருக்கு. "டேய் பாண்டி, நான் அந்த ஈரலைக் கண்ணால கூடப் பாக்கலடா," ன்னு அழுதார். போதை ஏறினா எல்லாத்தையும் மறந்துடுவாங்க. நான் பாத்தேன் சார், ஈரல் இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு.

வடமதுரை வந்துடுச்சா? நேரம் போறதே தெரியல.

அதுக்கப்புறம் அவங்க போக்கே மாறிடுச்சு. தொட்டுக்க வாங்கினதை மூணு பங்கு போட்டு மூணு தட்டுல வெச்சாங்க. நட்புல இப்படி ஒரு பிரிவினை வரலாமா? என் பங்கு முடிஞ்சதும், அவங்க பங்கு ஆறிப் போகுதேன்னு ஒரு அக்கறையில கை வெச்சேன். முத்தழகு தட்டைத் தூக்கிட்டுப் போய்த் தண்ணி டேங்க் மேல ஏறி உக்காந்துட்டான். ஒரு மணி நேரம் அங்கேயே உக்காந்து குடிச்சான். இறங்கத் தெரியல. ஹவுஸ் ஓனர் அம்மா ஏணி கொண்டுவர வேண்டியதாப் போச்சு.

அன்னைக்குத்தான் அது நடந்துச்சு. அருள்தாஸ் அண்ணன் ஒரு கிளாஸ்ல ஊத்தி என் முன்னாடி வெச்சார்.

"குடிடா தம்பி."

"வேண்டாம்ணே. விட்டுட்டேன்."

"உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரு கிளாஸ் குடி. பீர் வேணுமா, வாங்கித் தர்றேன். நீ குடிச்சுகிட்டு இருந்தப்ப நாங்க நல்லா இருந்தோம்டா."

"முடியாதுண்ணே. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப நீ சனிக்கிழமை மாடிக்கு வராதே. குடிக்கறதா இருந்தா வா. குடிக்காம வராதே."

கேட்டீங்களா சார். இதை வெளியில சொன்னா யாராவது நம்புவாங்களா? மூத்தவர், நல்லது சொல்ல வேண்டியவர், ஒரு சின்னப் பையன் குடியை விட்டு நல்ல வழிக்கு வந்திருக்கான், அவனைப் பாத்து, குடிச்சாத்தான் சேத்துக்குவேன்னு சொல்றார். இந்த நாட்டுல குடிக்காம ஒருத்தன் நாலு பேரோட சேந்து உக்காரவே முடியாது சார். தள்ளி வெச்சுடுவாங்க. எழுந்து வந்துட்டேன். வரும்போது மாங்காய்க் கீத்து ரெண்டு எடுத்துகிட்டேன், கோவத்துல.

அப்புறம் வந்த சனிக்கிழமைங்க எல்லாம் ரூம்லயே தனியாக் கிடந்தேன். மேலேர்ந்து அவங்க சிரிக்கற சத்தம் வரும். கடையில போய் நானே காப்படி கடலை வாங்கிட்டு வந்து பாத்தேன். ரெண்டு வாய்க்கு மேல இறங்கல சார். தனியா உக்காந்து தின்னா அது சாப்பாடு. ஆளுங்களோட உக்காந்தாத்தான் அது தொட்டுக்கறது. மூணு பேருல நான் மட்டும் கீழே. போன பொங்கலுக்கு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் கூட உக்காந்திருந்தவர் சார் அந்த அருள்தாஸ் அண்ணன்.

ஆனா ஒண்ணு. அந்த வாரங்கள்ல எடை ஏறவே இல்ல. கொஞ்சம் இறங்கக் கூட செஞ்சுது. பாத்தீங்களா? ஆவிதான். நான் சொன்னது நிரூபணமே ஆயிடுச்சு.

ஆனா இறங்கினது பத்தல சார். இன்னைக்குப் போட்டுட்டு வந்திருக்கேனே, இந்தச் சட்டை போட்டோல இருக்கற அதே சட்டை. அவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டுமேன்னு. மூச்சை உள்ள இழுத்துப் பட்டன் போட்டேன். திண்டுக்கல்லேர்ந்து இன்னும் முழுசா வெளிய விடல. நடுப் பட்டன் ஏறும்போது இருந்துச்சு, இப்ப காணோம். உங்க பக்கம் ஏதாவது விழுந்துதா பாருங்க. பரவாயில்ல, விடுங்க, சேவுல விழுந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

இது என்ன பொட்டலம் சார்? கருப்பட்டி மிட்டாயா? வேண்டாம் வேண்டாம், பிரிக்காதீங்க. நான் பிரிச்சுக்கறேன். காரத்துக்கு மேல ஒரு இனிப்பு தொட்டுக்கிட்டா நாக்கு சமமா இருக்கும்.

காலையில அருள்தாஸ் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டார் சார். நான் எதிர்பாக்கல. சட்டையைப் பாத்தார், தலையைப் பாத்தார், அவர் சீப்பை எடுத்துச் சீவி விட்டார். "பொண்ணு வீட்டுல பயப்படாதே. என்ன வெச்சாலும் நல்லாச் சாப்பிடு. அங்க யாரும் குடிக்க மாட்டாங்க, உனக்குப் போட்டியும் இல்ல," ன்னார். என்ன சொல்ல வந்தார்னு புரியல. "கல்யாணம்னு ஒண்ணு நடந்தா எங்களுக்கு வேற பந்தியில இடம் போடுடா," ன்னு முத்தழகு சொல்லச் சொன்னானாம். பாருங்க, இன்னும் என்கூட உக்கார மாட்டானாம்.

நீங்களே சொல்லுங்க சார். நான் போய் அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு என்ன சொல்றது? மூணு மாசம் கேட்டேன். போட்டோல இருக்கறவரைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். அவர் வரல. முன்னாடி போனவனே இன்னும் கொஞ்சம் சேத்துகிட்டு வந்து நிக்கறான். பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னா வேண்டாம்னுடுவாங்க. அவங்க அப்பப்ப போன் பண்ணுவாங்க சார். அதிகம் பேச மாட்டாங்க. "சாப்பிட்டீங்களா?" ன்னு கேப்பாங்க. "இல்லைங்க"ன்னு சொல்வேன். "இன்னைக்கும் இல்லையா?" ம்பாங்க. அவ்வளவுதான். ஆனா அந்த நாள் முழுக்க எனக்கு நூல் எண்ணிக்கை தப்பாவே வரும். வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா திரும்பி வர்றப்ப இந்த பஸ்ஸுல எப்படி உக்காருவேன்னு தெரியல.

வையம்பட்டி தாண்டியாச்சு. அடுத்தது மணப்பாறைதான்.

போனு. இருங்க சார். அவங்கதான்.

ஹலோ. ஆமாங்க. வந்துகிட்டே இருக்கேங்க. அப்பா அம்மாவெல்லாம் வந்துட்டாங்களா? சரிங்க. இல்லைங்க, காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலைங்க. சத்தியமாங்க. என்னது, மெல்லற சத்தமா? அது தொட்டுக்கறதுங்க. இல்லைங்க, சாப்பிடறது வேற, தொட்டுக்கறது வேறங்க. நம்பலைன்னா பக்கத்துல ஒரு சார் இருக்கார், நான் ஏறினதுலேர்ந்து பாத்துகிட்டு இருக்கார், அவர்கிட்டயே கேளுங்க.

சார், பிடிங்க. பேசுங்க சார், நல்ல பொண்ணுதான். நான் ஏதாவது சாப்பிட்டேனா, நீங்களே சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க.

இதை ஏன் சார் சொல்றீங்க. "ஒரு கிலோ சேவு"ன்னு சொல்ற அளவுக்கா இருந்துச்சு? மிட்டாயையும் சொல்லணுமா? அது இனிப்புக் கணக்கு. "தொட்டுக்கவே எனக்கு மிச்சம் இல்லம்மா"வா? சார், அப்படிச் சொன்னா அவங்க தப்பா நினைச்சுக்குவாங்க. போனைக் குடுங்க. என்ன சார் சத்தம் அது? அழறாங்களா? சிரிக்கறாங்களா? எதுக்கு? அவங்க சிரிச்சு நான் கேட்டதே இல்ல சார். போனை இந்தப் பக்கம் வைங்க, நானும் கேக்கறேன்.

வெச்சுட்டாங்களா? என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லுங்க சார், ஒரு வார்த்தை விடாம.

"போட்டோல இருக்கறவர் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம். உங்க பக்கத்துல உக்காந்திருக்கறவரை மட்டும் இறக்கி விடுங்க"ன்னா? அப்படியேவா சொன்னாங்க? பக்கத்துல உக்காந்திருக்கறவரைன்னா, என்னைத்தானே சார்? இந்தப் பக்கம் நான்தானே உக்காந்திருக்கேன்?

வேற என்ன சொன்னாங்க? "தொட்டுக்க நிறைய பண்ணி வெச்சிருக்கோம்"னா?

தொட்டுக்க மட்டும்தானா? சாப்பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

பாத்தீங்களா சார். அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு என் டயட்டை எப்படிப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன். சேவுக் கை, எரியுது.

மணப்பாறை வந்துடுச்சு, நான் இறங்கறேன். கொஞ்சம் காலை மடக்குங்க. இந்தாங்க உங்க பொட்டலம். மடிச்சு வெச்சிருக்கேன், பேப்பர் கிழியல, வேற எதுக்காவது ஆகும். என்னது, திருச்சியில இருக்கற தங்கச்சி வீட்டுக்கு வாங்கிட்டுப் போறதா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். நான் ரெண்டோட நிறுத்தியிருப்பேன்.

பரவாயில்ல. சேவு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு நான் சொன்னதா உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க.